பொத்தான் யார் கையில்?

1963ஆம் ஆண்டு. ஸ்பெயினின் கோர்தோபா நகருக்கு அருகே, சண்டைக் காளைகளை வளர்க்கும் ஒரு பண்ணை. அங்கிருந்த சிறிய மைதானத்துக்குள் ஒருவர் இறங்குகிறார். அவர் மாட்டுச் சண்டை வீரர் அல்லர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உடலியங்கியல் பேராசிரியர். பெயர் ஹோசே டெல்காடோ. அவர் கையில் வானொலி அலையை அனுப்பும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. காளை அவரை நோக்கிப் பாய்கிறது. நெருங்கி வரும் நேரத்தில் பொத்தானை அழுத்துகிறார். காளை சட்டென்று நிற்கிறது. பிறகு திரும்பி, வேறு பக்கமாகப் போய்விடுகிறது.

காளையின் மூளைக்குள் முன்கூட்டியே எலெக்ட்ரோடு எனப்படும் மெல்லிய மின்முனைகளைச் செருகி வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தியதும் அந்த முனை வழியாகச் சிறிதளவு மின்சாரம் பாய்ந்தது. அவ்வளவுதான் விஷயம். 1965 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் இதை முதல் பக்கத்தில் வெளியிட்டது. உலகம் மிரண்டது. இன்றைக்குக் காளை, நாளைக்கு மனிதன் என்ற பயம் பரவியது.

அந்தப் பயம் இன்னும் விட்டபாடில்லை. நண்பர்களிடம் நியூரலிங்க் பற்றிப் பேச்செடுத்தாலே, யாராவது ஒருவர் சொல்வார்: “நம்ம மண்டைக்குள்ள சிப் வச்சிட்டான்னா, அப்புறம் அவன் ஆட்டுற மாதிரிதான் நாம ஆடணும்.” சொல்பவர் டெல்காடோவின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் மனதில் ஓடுவது அதே படம். ஒரு கையில் ரிமோட், எதிரே ஒரு காளை.

அந்தப் படம் நம்மைத் தவறான இடத்தைப் பார்க்கப் பழக்கிவிட்டது என்பது என் எண்ணம். மூளைக்குள் கம்பி போன மனிதர்களின் வரலாறு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு நீளமானது. அதைப் படித்துக்கொண்டு போனால், மனிதர்கள் தங்கள் சுதந்திரத்தை இழந்த இடங்கள் அந்த மைதானத்தைப் போலவே இல்லை.

முதலில் காளைக்கே வருவோம். டெல்காடோ அதன் கோபத்தை அணைத்துவிட்டார் என்பதே செய்தித்தாள்கள் சொன்ன கதை. மற்ற நரம்பியல் ஆய்வாளர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. மின்முனை இருந்த இடம் உடல் அசைவோடு தொடர்புடைய பகுதி. அங்கே மின்சாரம் பட்டால் காளை ஒரு பக்கமாகத் திரும்பத்தான் செய்யும்; கோபம் தணிந்தது என்பதற்கு அது சான்றாகாது என்றார்கள். எலியட் வாலென்ஸ்டைன் என்ற உளவியலாளர் 1973இல் இந்தத் துறையைப் பற்றி எழுதிய நூலில் இதை விரிவாகப் பேசினார். சுருக்கமாகச் சொன்னால், டெல்காடோ காளையின் மனதை மாற்றவில்லை. அதன் கழுத்தைத் திருப்பினார்.

எனக்கு டெல்காடோவின் வேறொரு பரிசோதனைதான் காளையைவிட முக்கியமாகப்படுகிறது. ஒரு கூண்டில் சில குரங்குகள். அவற்றின் தலைவன் பெயர் அலி. மற்றவற்றை அடித்து, கடித்து, மிரட்டி ஆளும் முரடன். அலியின் மூளையில் மின்முனை வைத்த டெல்காடோ, அதை இயக்கும் நெம்புகோலைக் கூண்டுக்குள்ளேயே பொருத்தினார். எல்சா என்ற பெண் குரங்கு கொஞ்ச நாளில் விஷயத்தைப் புரிந்துகொண்டது. அலி சீறிக்கொண்டு வந்தால் ஓடிப்போய் நெம்புகோலை அழுத்தும், அலி அடங்கிவிடும். அடிவாங்கும் குரங்கு ஒன்று சர்வாதிகாரியை அடக்கக் கற்றுக்கொண்டதில் டெல்காடோவுக்குப் பெரிய மகிழ்ச்சி. 1969இல் வெளிவந்த தன் புத்தகத்தில், மூளையைக் கட்டுப்படுத்தும் அறிவால் மேலும் பண்பட்ட ஒரு சமூகத்தை உருவாக்கலாம் என்று கனவு கண்டார். தம் காலத்தின் லோபோட்டமி அறுவை சிகிச்சையை வெறுத்தவர் அவர். மூளையின் முன்பகுதியை அறுத்துச் சிதைக்கும் அந்தச் சிகிச்சையைக் கண்டுபிடித்தவருக்கு 1949இல் நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள். அறுப்பதற்குப் பதில் மெல்லத் தூண்டலாமே என்பது டெல்காடோவின் நியாயம். கெட்ட எண்ணம் கொண்டவர் என்று அவரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்த நெம்புகோலை எல்சாவின் கைக்கு எட்டும்படி வைத்தது டெல்காடோ. நாளைக்கே அதைக் கழற்றி அலியின் பக்கம் மாட்டினாலும், எல்சாவால் கேள்வி கேட்க முடியாது.

*

தன்னாட்சி என்ற சொல்லை நாம் மாநிலங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும்தான் பயன்படுத்திப் பழகியிருக்கிறோம். தனிமனிதருக்கென்று வரும்போது அந்தச் சொல் கொஞ்சம் பெரிய சட்டைபோல் தொங்குகிறது. பேச்சில் நாம் சொல்வது வேறு. “அது என் இஷ்டம்.” அல்லது, முடியாதபோது, “அது என் கையில இல்ல.” தத்துவ நூல்களைவிட இந்த இரண்டு வாக்கியங்கள் இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள எனக்கு உதவின.

கையிலிருந்து தொடங்குவோம். கனடாவின் மொன்றியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1934இல் அங்கே மொன்றியால் நரம்பியல் நிலையத்தை நிறுவியவர். கடுமையான வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மண்டையோட்டைத் திறந்திருக்கும்போதே நோயாளி விழித்திருப்பார். மூளைக்கு வலி தெரியாது என்பதால் தோலையும் எலும்பையும் மட்டும் மரக்கச் செய்தால் போதும். மூளையின் எந்த இடம் எதைச் செய்கிறது என்று அறிய, மெல்லிய மின்முனையால் அங்கங்கே தொட்டுப் பார்ப்பார். ஓரிடத்தைத் தொட்டால் நோயாளியின் கை தானாக உயரும்.

உங்கள் கை ஏன் உயர்ந்தது என்று கேட்டால் அவர்கள் சொன்ன பதிலைப் பென்ஃபீல்ட் தன் கடைசிக் காலம்வரை யோசித்துக்கொண்டிருந்தார். அதைச் செய்தது தாங்கள் இல்லை, மருத்துவர்தான் என்றார்கள். கை அவர்களுடையது, அசைவு அவர்களுடையது இல்லை. ‘என் கையில் இல்லை’ என்பதை இவ்வளவு நேரடியான பொருளில் வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. மூளைக்குள் மின்சாரம் பாய்ந்தும், எது தன்னுடையது, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கும் ஒருவர் உள்ளே விழித்திருந்தார். இது ஆறுதல் தரும் செய்தி.

டெல்காடோவின் நோயாளி ஒருவர் அந்த ஆறுதலைக் கெடுத்துவிடுகிறார். அவருடைய மூளையின் ஓரிடத்தைத் தூண்டினால் தலை மெல்ல ஒரு பக்கம் திரும்பும், உடலும் கூடவே சாயும். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் எதற்காகத் திரும்பினீர்கள் என்று கேட்டார்கள். அவர் யாரையும் கைகாட்டவில்லை. ஒருமுறை செருப்பைத் தேடியதாகச் சொன்னார். இன்னொருமுறை ஏதோ சத்தம் கேட்டது என்றார். கட்டிலுக்கு அடியில் பார்த்ததாகவும் சொன்னார். எல்லாம் நியாயமான காரணங்கள். எல்லாமே பிறகு வந்தவை. அவர் பொய் சொல்லவில்லை. அசைவு நடந்துவிட்டது, அதற்குப் பொருத்தமான ‘இஷ்டம்’ ஒன்றை மனம் உடனே தைத்துக் கொடுத்துவிட்டது.

வெளியிலிருந்து வரும் கட்டளை எல்லா நேரமும் கட்டளைபோலத் தோன்றுவதில்லை. சில வேளைகளில் அது நம் சொந்தக் குரலிலேயே பேசுகிறது. உள்ளே விழித்திருப்பவரை மட்டும் நம்பி நாம் சுதந்திரத்தைக் காக்க முடியாது.

*

சரி, பொத்தானை அவரவர் கையிலேயே கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள்.

1954இல் மொன்றியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலிகளின் மூளையில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே மின்சாரம் பட்டால் எலிக்கு அது திரும்பத் திரும்ப வேண்டியிருந்தது. தானே அழுத்தும்படி ஒரு நெம்புகோலை வைத்தால், வேறு வேலையே இல்லாமல் அதை அழுத்திக்கொண்டிருந்தது. இதே வகையான முயற்சியை மனிதர்களிடம் செய்தவர் டுலேன் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் ராபர்ட் ஹீத்.

ஹீத்தின் ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது 1972இல் வெளியான ஒன்று. அதில் வரும் நோயாளிக்கு B-19 என்று குறியீடு. 24 வயது இளைஞர். ஒருபாலீர்ப்பு உள்ளவர், மனச்சோர்வும் இருந்தது. அவருடைய ஈர்ப்பைப் பெண்கள் பக்கம் திருப்பிவிடுவதே ஆய்வின் நோக்கம். மூளையில் மின்முனை வைத்து, தானே அழுத்திக்கொள்ளும் பொத்தானை அவரிடம் கொடுத்தார்கள். ஒருமுறை 3 மணி நேரத்தில் சுமார் 1,500 தடவை அழுத்தினார். கருவியைப் பிரித்து எடுத்தபோது வேண்டாமென்று கடுமையாக எதிர்த்தார். பிறகு பாலியல் தொழிலாளியான ஒரு பெண்ணை ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார்கள். ஆய்வு வெற்றி என்று கட்டுரை எழுதினார்கள்.

பொத்தான் அவர் கையில்தான் இருந்தது. அழுத்தியதும் அவருடைய விரல்தான். அப்படியென்றால் அது அவருடைய இஷ்டமா?

தமிழில் ‘இஷ்டம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. விருப்பம் என்ற பொருளும் அதற்கு உண்டு. என் முடிவு, நீ தலையிடாதே என்ற பொருளும் உண்டு. சாதாரண வாழ்க்கையில் இரண்டும் ஒட்டியே இருப்பதால் நமக்குக் குழப்பமில்லை. B-19 விஷயத்தில் அவை பிரிந்துவிட்டன. விருப்பம் அவருக்குள் இருந்தது, அளவுக்கு மிஞ்சியே இருந்தது. ஆனால் எதை விரும்ப வேண்டும் என்ற முடிவு வேறொருவருடையது. அவருடைய ஈர்ப்பே ஒரு கோளாறு என்று ஏற்கெனவே தீர்மானித்திருந்த சமூகத்திலிருந்து அந்த முடிவு வந்தது. அடுத்த ஆண்டே, 1973இல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஒருபாலீர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ‘நோய்’ பட்டியலைவிட்டுப் போய்விட்டது. அவர் மண்டையில் துளை போட்டது போட்டதுதான்.

இந்த இளைஞரின் சுதந்திரத்தைப் பறித்தது மின்சாரமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மின்சாரம் வருவதற்கு வெகு முன்பே அது பறிபோயிருந்தது. கம்பி பிறகு வந்து சேர்ந்தது.

*

அதற்குப் பிறகு இந்தத் துறை கொஞ்ச காலம் தலைகுனிந்து நடந்தது. அதை மீட்டவர் பிரான்சின் கிரனோபிள் நகரைச் சேர்ந்த அலீம் லூயி பெனாபிட். 1987இல், மூளையின் ஆழத்தில் விடாமல் வேகமாக மின்துடிப்புகளைக் கொடுத்தால் கை நடுக்கம் நின்றுவிடுகிறது என்று அவர் கண்டார். ஆழ்மூளைத் தூண்டல் என்று இன்று அழைக்கப்படும் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது. நெஞ்சுப் பகுதியில் தோலுக்கு அடியில் பேட்டரி, அங்கிருந்து கழுத்து வழியாக மூளைக்குக் கம்பி. அமெரிக்காவில் 1997இல் நடுக்க நோய்க்கும், 2002இல் பார்க்கின்சன் நோய்க்கும் அனுமதி கிடைத்தது. உலகில் இன்று ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இந்தச் சிகிச்சையைப் பெற்றிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் யாரையும் பயமுறுத்த விரும்பவில்லை. கோப்பையைப் பிடிக்க முடியாமல் கை உதறும் ஒருவர், கருவியை இயக்கியதும் தண்ணீரைச் சிந்தாமல் குடிக்கும் காணொளிகள் நிறைய உண்டு. பார்த்தால் தொண்டை அடைக்கும். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வதும், தட்டிலிருந்து தானே அள்ளிச் சாப்பிடுவதும்தான் மனிதருக்கு முதல் சுதந்திரம். மூளைக்குள் கம்பி போனாலே சுதந்திரம் போச்சு என்று பேசுபவர்கள் இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசலாம்.

ஆனால் நெதர்லாந்தில் நடந்து, 2004இல் அந்நாட்டு மருத்துவ இதழில் வெளியான ஒரு நிகழ்வு இருக்கிறது. 62 வயது மனிதர். பார்க்கின்சன் நோயின் முற்றிய நிலை. ஆழ்மூளைத் தூண்டல் அவருக்கு நடமாட்டத்தைத் திருப்பிக் கொடுத்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: அளவுமீறிய உற்சாகம், தன்னைப் பெரிய ஆளாக நினைக்கும் போக்கு, கட்டுப்பாடில்லாத செலவு, கழுத்தை நெரிக்கும் கடன். மருந்துகள் பலிக்கவில்லை. கருவியைக் குறைத்தால் மனம் தெளியும், உடல் படுக்கையில் விழும். எல்லாவற்றுக்கும் பிறர் உதவி வேண்டும். கூட்டினால் எழுந்து நடப்பார், ஆனால் முடிவெடுக்கும் தகுதி இல்லாதவராகிவிடுவார். நடுவில் ஒரு நிலை கிடைக்கவில்லை.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரிடம் கேட்பது? மருத்துவர்கள் கருவியை நிறுத்திவிட்டு, மனம் தெளிவாக இருந்த மனிதரிடம் கேட்டார்கள். அவர் கருவி ஓடட்டும் என்றார். அதன் பொருள், மனநல மருத்துவமனையில் அடைபட்டு வாழ்வது. அறிந்தே ஒப்புக்கொண்டார். அப்படியே செய்தார்கள்.

இந்த நிகழ்வைப் படித்து நான் பல நாள் அதையே சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் எடுத்தது சுதந்திரமான முடிவா? ஆம் என்றே சொல்வேன். தெளிந்த மனதோடு எடுத்தார். ஆனால் அந்த முடிவின் பலனை வாழ்ந்து அனுபவிக்கப் போவது தெளிந்த மனதுடைய அந்த மனிதர் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு மறைந்துவிடுகிறார். பிறகு எழுந்து நடப்பவர் வேறு ஆள். நாளைக்கு அவர் மனம் மாறினால், அந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்கவும் முடியாது. ஏனென்றால் சட்டப்படி அவருக்குத் தகுதியில்லை. டெல்காடோவின் காளை நம்மை யோசிக்க விடாத கேள்வி இதுதான். ஒருவரை இன்னொருவர் ஆட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே உடம்புக்குள் இரண்டு ‘நான்’கள் இருந்தால், யாருடைய சொல்லை எடுப்பது?

மருத்துவர்கள் தெரிந்தெடுத்த வழியைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கேட்டார்கள் என்பதையே பெரிதாக நினைக்கிறேன்.

*

2000க்குப் பிறகு கதையில் ஒரு புதிய பாத்திரம் நுழைகிறது. கம்பெனி.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 2010இல் ஒரு பரிசோதனை தொடங்கியது. நியூரோவிஸ்டா என்ற அமெரிக்க நிறுவனத்தின் கருவியை, கடுமையான வலிப்பு நோயுள்ள 15 பேருக்குப் பொருத்தினார்கள். மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள். கையில் வைத்துக்கொள்ள ஒரு சிறு கருவி. வலிப்பு வரும் வாய்ப்பு அதிகமானால் அது விளக்கெரித்துச் சொல்லிவிடும். மூளைக்குள் அது எதையும் அனுப்பாது. கேட்கும், கேட்டதைச் சொல்லும். அவ்வளவே.

அதைப் பொருத்திக்கொண்டவர்களில் ஒரு பெண், சிறு வயதிலிருந்தே வலிப்போடு வாழ்ந்தவர். எப்போது விழுவோம் என்று தெரியாமல் வாழ்ந்த வாழ்க்கை, எப்போது விழலாம் என்று தெரிந்த வாழ்க்கையாக மாறியது. விளக்கு எரிந்தால் மருந்தைப் போட்டுக்கொள்வார். தனியாக வெளியே போனார். கருவி தன்னில் ஒரு பகுதியாகிவிட்டது என்று உணர்ந்தார். 2013இல் நிறுவனத்திடம் பணம் தீர்ந்துபோனது. கருவியை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அவரும் கணவரும் போராடிப் பார்த்தார்கள். வீட்டை அடமானம் வைத்தாவது அதை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். நடக்கவில்லை. விருப்பத்துக்கு மாறாக, அவர் தலையிலிருந்து அதை எடுத்தார்கள். தாஸ்மானியா பல்கலைக்கழகத்தின் தத்துவ ஆய்வாளர் ஃபிரெடெரிக் கில்பெர்ட் இவரைப் பேட்டி கண்டு எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பெண் தன்னையே தொலைத்ததுபோல வாழ்ந்தார்.

கில்பெர்ட் அதே பரிசோதனையில் இருந்த இன்னொருவரையும் கேட்டிருக்கிறார். அவருக்கு அனுபவம் நேர்மாறானது. கருவி எச்சரித்துக்கொண்டே இருந்தது, தன் வாழ்க்கை தன் கட்டுப்பாட்டில் இல்லை என்ற உணர்வைத்தான் அவருக்குக் கொடுத்தது. மனச்சோர்வில் விழுந்தார். ஒரே கருவி, ஒரே நகரம், ஒரே ஆண்டுகள். ஒருவருக்குச் சுதந்திரம், இன்னொருவருக்குச் சிறை. ஆகவே ‘மூளைச் சிப் நல்லதா கெட்டதா’ என்ற பட்டிமன்றத் தலைப்பில் எனக்கு ஆர்வமில்லை. யாருக்கு, எந்த ஒப்பந்தத்தில் என்று கேட்டால்தான் பேச்சு நகரும்.

ஒப்பந்தம் என்றதும் செகண்ட் சைட் நினைவுக்கு வருகிறது. ஆர்கஸ் II என்ற செயற்கைக் கண்ணைச் செய்த அமெரிக்க நிறுவனம். கண்ணாடியில் ஒரு கேமரா, விழித்திரையின்மேல் 60 மின்முனைகள். பரம்பரை நோயால் பார்வை இழந்தவர்களுக்கு அது ஒளிப் புள்ளிகளைக் காட்டியது. முழுப் பார்வை இல்லை. ஆனாலும் கதவு எங்கே, எதிரே ஆள் நிற்கிறாரா என்பதைச் சொல்லும் அளவுக்குப் பார்வை. 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உலகம் முழுவதும் 350க்கும் அதிகமானோர் பொருத்திக்கொண்டார்கள். 2019இல் அதைத் தயாரிப்பதை நிறுத்தினார்கள். 2020இல் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டார்கள். பொருத்திக்கொண்டவர்களுக்கு ஒழுங்கான அறிவிப்புகூட இல்லை. ஒருவருக்குத் தலைச்சுற்றல், எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். கண்ணுக்குள் கருவி இருக்கிறதே, எடுக்கலாமா என்று கேட்கப்போனால், நிறுவனத்தில் பதில் சொல்ல ஆளில்லை.

பழைய கைப்பேசிக்கு அப்டேட் நின்றுபோனால் நாம் வேறு வாங்கிக்கொள்கிறோம். கண்ணுக்கு அப்டேட் நின்றுபோனால்?

2024 ஜனவரியில் நியூரலிங்க் தன் முதல் மனிதருக்குக் கருவியைப் பொருத்தியது. நோலண்ட் ஆர்பா, நீரில் விளையாடும்போது நேர்ந்த விபத்தில் தோளுக்குக் கீழே செயலிழந்தவர். நினைத்தே கணினியின் சுட்டியை நகர்த்தினார், சதுரங்கம் ஆடினார், இரவெல்லாம் விளையாடினார். சில வாரங்களில் மூளைக்குள் போன 64 நுண்ணிழைகளில் பெரும்பாலானவை பின்வாங்கிவிட்டன. சுட்டி தடுமாறியது. கிடைத்த சுதந்திரம் கையைவிட்டுப் போகிறதென்று அவர் அழுததாகப் பிறகு சொன்னார். நிறுவனம் மென்பொருளை மாற்றியமைத்து, மீண்டும் இயங்கச் செய்தது. அவருக்கு அதில் நன்றியே தவிர மனக்குறை இல்லை. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கவனியுங்கள்: அவரை யாரும் ஆட்டிவைக்கவில்லை. ‘அவன் ஆட்டுற மாதிரி ஆடணும்’ என்று என் நண்பர் பயந்தது நடக்கவில்லை. நடந்தது இதுதான். ஒரு மனிதரின் சுதந்திரம், தொலைவில் இருக்கும் ஓர் அலுவலகம் அடுத்த வாரம் என்ன செய்யும் என்பதில் தொங்கியது.

*

சட்டம் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. தென்னமெரிக்காவின் சிலி நாடு 2021இல் தன் அரசியலமைப்பையே திருத்தி, மூளையின் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் பாதுகாக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. உலகில் முதல்முறை. அதற்கு உழைத்தவர்களில் ஒருவர் செனட்டர் கிதோ ஹிரார்தி. பிறகு அவரே, தலையில் மாட்டிக்கொண்டு மூளை அலைகளைப் பதிவுசெய்யும் ஒரு கருவியை வாங்கினார். தன் மூளைத் தரவை நிறுவனம் வைத்துக்கொள்கிறது என்று வழக்குப் போட்டார். 2023 ஆகஸ்டில் சிலியின் உச்ச நீதிமன்றம், எமோட்டிவ் என்ற அந்த நிறுவனம் அவருடைய தரவை அழிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

வழி சட்டத்தில் மட்டும் இல்லை. கருவியைச் செய்யும் விதத்திலேயும் இருக்கிறது. 2025இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பேச்சிழந்தவர்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்வதை, வாயசைக்க முயலாமலே, கருவியால் சொற்களாக மாற்ற முடியுமா என்று பார்த்தார்கள். ஓரளவு முடிந்தது. கூடவே ஒரு சங்கடமும் தெரியவந்தது. திரையில் உள்ள வடிவங்களை அவர்கள் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தபோது, சொல்லும்படி யாரும் கேட்காத அந்த எண்களின் தடயத்தையும் கருவி பிடித்துவிட்டது. இதற்கு என்ன செய்வது? ஒரு கடவுச்சொல் வைத்தார்கள். ‘சிட்டி சிட்டி பேங் பேங்’. பழைய சிறுவர் படம் ஒன்றின் பெயர். அதை மனதுக்குள் சொன்னால் மட்டும் கருவி திறந்துகொள்ளும். சொல்லாவிட்டால் உள்ளே ஓடுவது உள்ளேயே இருக்கும். 98 விழுக்காட்டுக்கு மேல் அது சரியாக வேலை செய்தது.

சின்ன விஷயம்தான். ஆனால் இந்த எழுபது சொச்ச வருட வரலாற்றில், பூட்டை உள்ளிருப்பவர் பக்கம் வைத்துக் கதவைச் செய்த இடங்கள் அதிகமில்லை. பென்ஃபீல்டின் நோயாளிகளால் தங்கள் கை உயர்ந்தபோது இது நானில்லை என்று சொல்லத்தான் முடிந்தது. நிறுத்து என்று சொல்ல ஒரு பொத்தான் இல்லை. B-19இன் கையில் பொத்தான் இருந்தது. எதற்கான பொத்தான் என்று தீர்மானிக்கும் உரிமை இல்லை. மெல்பர்ன் பெண்ணுக்கு உரிமை இருப்பதுபோல் இருந்தது. சொத்துரிமை வேறொருவர் பெயரில் இருந்தது.

நம் தலைமுறையில் பலர் இந்தக் கருவிகளோடு வாழப்போகிறோம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கை நடுங்கத் தொடங்கும் ஒரு நாளில், மருத்துவர் ஒரு படிவத்தை நம் முன் நீட்டலாம். அப்போது காளையை நினைத்துப் பயந்து எழுந்து ஓட வேண்டியதில்லை. உட்கார்ந்து கேட்கலாம். இதை யார் நிறுத்தலாம்? கம்பெனி மூடிப்போனால் இது யாருடையது? இதில் பதிவாகும் தகவல் எங்கே போகிறது? கருவி ஓடும்போது அவர் ஒன்று சொல்லி, ஓடாதபோது வேறொன்று சொன்னால், யார் பேச்சைக் கேட்பீர்கள்? பதில் தெளிவாக இல்லையென்றால், திரும்பவும் கேட்கலாம். கையெழுத்து அதற்குப் பிறகு.